இரண்டாவது நாற்காலி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், ஆங்கிலத்தில் பேசுகிற ஆட்களுக்குப் பயம். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்த் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது.

போர்டு என்பது ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பலகை. ஊரில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேலே சின்னதாக ஒரு தகரத் தகடு. அவர் தன் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே தகடு டக்கென்று விழும். நாங்கள் கயிற்றைச் செருகி என்ன நம்பர் என்று கேட்டு, கேட்ட நம்பரின் ஓட்டையில் கயிற்றின் மறுமுனையைச் செருகி மணி அடிக்க வேண்டும். பேசி முடித்ததும் கயிற்றைப் பிடுங்கித் தகட்டைத் தூக்கி விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த டக் சத்தம் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சில்தான் விழுந்தது. இரண்டு மூன்று சேர்ந்து விழுந்தால் கை கால் ஓடாது.

பகலில் போர்டுக்கு இரண்டு நாற்காலி. முதல் நாற்காலி அக்காவுடையது. அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை, கூட வேலை பார்த்தவர். பத்து வருஷ சர்வீஸ், நிரந்தர வேலை, வெற்றிலை போட்ட வாயோடு "நம்பர் ப்ளீஸ்" சொல்லக் கூடியவர். இரண்டாவது நாற்காலி என்னுடையது, டெம்பரரி. அகரம் பக்கம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்காலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அந்த வருஷம் மதுரையிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்து எக்ஸ்சேஞ்சின் பின் அறையில் எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். போர்டு எவ்வளவு சுமை தாங்கும், எத்தனை ஆள் வேண்டும், எத்தனை லைன் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாமாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆள் பற்றவில்லை என்றால் கத்துவார்கள், கத்தினால் ஆள் போடுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஒரு நாளில் எந்த ஒரு மணி நேரம் ரொம்ப நெரிசலோ அதற்கு 'பிஸி அவர்' என்று பெயர். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை போன் கால் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆபரேட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, இரண்டையும் பெருக்கினால் ஓர் ஆள் அறுபது நிமிஷத்தில் எத்தனை நிமிஷம் ஓய்வில்லாமல் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். இதுவரை எனக்குப் புரிந்தது. கணக்கில் நான் மோசமில்லை. பிறகு அவர் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்தார். ஆளுக்கு வேலை கூடக்கூட, போன் செய்தவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று காட்டும் கோடு. பாதி நிறையும்வரை கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. முக்காலைத் தாண்டியதும் தலையைத் தூக்கியது. முழுசாக நிறைகிற இடத்தில் சுவர் மாதிரி நிமிர்ந்து பலகையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

எழுந்து நின்று கேட்டேன்.

"சார், ஒரு ஆளுக்கு அறுவது நிமிஷ வேலை, அறுவது நிமிஷ நேரம். சரியாத்தான இருக்கு. எதுக்குக் காத்திருக்கணும்?"

"ஒருத்தர் முடிச்சப்பறம் அடுத்தவர் வந்தா சரிதாம்மா. அப்படியா வர்றாங்க? பத்துப் பேரு ஒண்ணா வருவாங்க, அப்பறம் செத்த நேரம் ஒருத்தரும் வரமாட்டாங்க. சும்மா இருந்த நேரத்தை நீ சேத்து வச்சுக்க முடியாதுல்ல."

இதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதினேனே தவிர, மண்டையில் ஏறவில்லை.

வகுப்பு முடிந்த மறுவாரம் மதுரையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் தன் 'பிஸி அவர்' சுமையைக் கணக்கெடுத்து அனுப்ப வேண்டும். சுமை குறைவாக இருக்கும் இடத்தில் இரண்டாவது நாற்காலி எடுக்கப்படும். சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நெற்றி நிறைய விபூதி, மேஜையில் ஒரு காகிதம் கோணலாக இருந்தாலும் பொறுக்காத மனிதர்.

"ஏம்மா, கணக்குல நீதான் கெட்டிக்காரி. நீயே எடுத்துரு."

"சார், அது என் நாற்காலி சார்."

"அதுக்குத்தான் சொல்றேன். நீ எடுத்தா ஒருத்தரும் குறை சொல்ல முடியாது."

எப்படிக் குறை சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. அதிகமாகக் காட்டினால் நாற்காலிக்காகப் பொய்க்கணக்கு எழுதினாள் என்பார்கள். குறைவாகக் காட்டினால் நாற்காலி போச்சு. அன்று ராத்திரி, என்ன ஆனாலும் ஒரு கால்கூடக் கூடுதலாக எழுதுவதில்லை என்று மாதா படத்தின் முன்னால் சத்தியம் செய்தேன். அது நேர்மை என்று அப்போது நினைத்தேன். பாதிக்கு மேல் பயம்தான்.

இன்ஜினீயர் கொடுத்த கையேட்டில் சொன்னபடியே செய்தேன். முதலில் ஒரு நாள் முழுக்க எண்ணி எந்த மணி நெரிசல் என்று பார்க்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை எண்ணினேன். காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை. பிறகு ஒரு வாரம், ஞாயிறு தவிர்த்து ஆறு நாளும் அதே மணியை எண்ணி, கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு முறை கயிற்றைச் செருகும்போதும் தாளில் ஒரு கோடு. நான்கு கோடு, குறுக்கே ஒன்று.

வெள்ளிக்கிழமை வந்தபோது பத்தரைக்குப் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போர்டு தூங்கியது. எங்கோ ஒரு தகடு விழும், பிறகு சத்தமே இருக்காது. கோடு ஏற ஏற நாற்காலி தங்கும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த அமைதி பெரிய மிரட்டலாக இருந்தது. சுற்றுங்களேன், யாராவது கைப்பிடியைச் சுற்றுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். மறுநாள் சனிக்கிழமை நேர்மாறு. பத்தரை அடித்ததும் தகடுகள் மளமளவென்று விழுந்து, கட்டம் நிறைந்து கோடுகள் ஓரத்துக்குப் போய்விட்டன. வெள்ளியின் பள்ளமும் சனியின் மேடும் வகுத்தலில் ஒன்றையொன்று தின்றுவிட்டன. வந்த விடை, ஓர் ஆளே போதும் என்று சொல்லாமல் சொன்னது.

அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி, மறு வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசரின் மேஜையில் வைத்தேன். அவர் படித்தார், தலையாட்டினார். பேனாவின் மூடியைக் கழற்றினார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மூடியைத் திரும்பப் போட்டார்.

"பன்னெண்டுக்கு மேல கையெழுத்துப் போடுறேன்."

சாப்பாட்டு நேரம் ஆகட்டும் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மக்கு நான்.

பன்னிரண்டு அடித்ததும் அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "மதுரைலருந்து உத்தரவு வர்றதுக்குள்ள நாமளே ஒரு சோதனை பாத்துருவோம். வெள்ளிக்கிழமைதான் கூட்டமே இல்லையே. அடுத்த வெள்ளியிலருந்து பன்னெண்டுலருந்து ஒரு மணி வரைக்கும் ஒத்த ஆளு போதும். உங்க அக்கா சாப்பிடப் போகட்டும், நீ பாத்துக்க" என்றார். என் கணக்கின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கடிதத்தைக் கையோடு தபாலில் சேர்க்கும்படி சொன்னார், நான் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது அக்கா முகமெல்லாம் வேர்த்து, பேச நேரமில்லாமல் கயிறுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வெள்ளி வந்தது. அக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, "வாரேன் புள்ள, மோர் கொண்டாரேன்" என்று வீட்டுக்குப் போனார். சூப்பர்வைசர் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார். நான் ஒருத்தி. பன்னிரண்டு மணி அடித்து முடியவில்லை, ஒரு தகடு விழுந்தது. கயிற்றை எடுப்பதற்குள் மூன்று. அதைச் செருகி நம்பர் கேட்பதற்குள் எத்தனை என்று எண்ண முடியவில்லை. நாகல் நகர் வரிசை முழுக்கத் தலை கவிழ்ந்து கிடந்தது. மண்டிக் கடைகள், தோல் கிடங்குகள், புகையிலைக் கம்பெனிகள், எல்லோரும் ஒரே மூச்சில். அன்றைக்குக் கரும்பலகையில் பார்த்த அந்தச் சுவர், அதன் அடியில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

விழுந்த தகடுகளில் ஒரு கொடுமை உண்டு. எது முதலில் விழுந்தது, எது கடைசியில் விழுந்தது என்று பார்த்தால் தெரியாது. எல்லாம் ஒன்றுபோலக் கிடக்கும். அதைவிடக் கொடுமை, ஒருமுறை விழுந்த தகடு அதற்குப் பிறகு அவர் எத்தனை தடவை சுற்றினாலும் அசையாது. அங்கே ஒருவர் கை வலிக்கச் சுற்றிக்கொண்டிருப்பார், இங்கே எனக்கு அது செத்த தகடு. நான் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். வேறு என்ன செய்ய? ஒவ்வொருவரும் ஏன் இவ்வளவு நேரம் என்று திட்டினார்கள். பன்னிரண்டரைக்குப் பள்ளிவாசல் போகணும், சீக்கிரம் போடும்மா என்று அவசரப்படுத்தினார்கள். பேசியவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், கயிறு தீர்ந்துபோனது, பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். இரண்டு பேரைத் தப்பாக இணைத்து ஒரு மிளகாய் மண்டிக்காரரிடம் வண்டி வண்டியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அழுதுகொண்டே வேலை பார்த்தேன் என்பது அக்கா வந்து முந்தானையால் துடைத்துவிட்டபோதுதான் தெரிந்தது. ஆனால் அக்கா வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது.

வலது ஓரத்துக் கடைசித் தகட்டுக்கு நான் வந்தபோது மணி பன்னிரண்டரை. அது நாகல் நகரில் ஒரு தோல் வியாபாரியின் கடை, பின்னால் வீடு. கயிற்றைச் செருகினேன். ஒரு பெண் குரல்.

"யம்மா... யம்மா, ஆளு இருக்கீகளா?"

"நம்பர் ப்ளீஸ்."

"நம்பரு தெரியாதும்மா. டாக்டரு வீட்டுக்குக் குடுங்க. எம் புள்ளைக்கு வலிப்பு வந்து கண்ணு சொருகிக்கிச்சு. பன்னெண்டேகால்லருந்து சுத்துறேன். வீட்டுல ஆம்பளைக ஒருத்தரும் இல்ல, தொழுகைக்குப் போயிட்டாக."

கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் நான் மிளகாய்க்கும் புகையிலைக்கும் கயிறு செருகிக்கொண்டிருந்தேன். டாக்டர் வீட்டுக்கு இணைத்துவிட்டேன். முதல் தடவை ஓட்டைக்குப் பக்கத்தில் குத்திவிட்டேன். டாக்டர் வருகிறேன் என்று சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கயிற்றில் பேச்சு நின்றுவிட்டது.

பன்னிரண்டே முக்காலுக்குப் போர்டில் ஈ ஆடவில்லை.

பிள்ளை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயம். கடைக்குப் போன் போட்டுக் கேட்டால், நீதானா அது என்று கேட்பார்களே. சனி, ஞாயிறு, திங்கள். நாகல் நகர் வழியாகப் போகாமல் சுற்றுவழியில் வேலைக்கு வந்தேன். ஞாயிறு பூசையில் சாமியார் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னபோது, பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைதான் அக்கா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

"பிழைச்சுக்கிருச்சுடி. பொம்பளப்புள்ள, ரெண்டு வயசு. இன்னும் செத்த நேரம் ஆயிருந்தா டாக்டரு வந்தும் புண்ணியமில்லையாம்."

போன உயிர் வந்தது என்று சொல்வார்கள். எனக்கு முழுசாக வரவில்லை. அந்த 'செத்த நேரம்' காதிலேயே நின்றுவிட்டது.

அன்று மத்தியானம் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சத்தியம், கணக்கு, வெள்ளிக்கிழமைப் பள்ளம், எல்லாம். அக்கா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கா எண்ணுன?"

"ஆமாக்கா."

"ஏண்டி கிறுக்கி, வெள்ளிக்கிழமை பத்தரைலருந்து பன்னெண்டு ராகு காலம்டி. எந்த ஏவாரிடி அந்நேரம் போன எடுத்து வெல பேசுவான்? பன்னெண்டு அடிக்கட்டும்னு கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். பன்னெண்டரைக்கு பாய்மாரு தொழுகைக்குக் கடையடைச்சிருவாக. அவுககூட ஏவாரம் பேசணும்னா அந்த அரை மணிதான். பத்து வருசமா அந்த அரை மணியில என் இடுப்பு ஒடியுது, நீ பள்ளம்ங்குற."

"நீங்க ஏன்கா சொல்லல?"

"நீ கேக்கலையே. இங்கிலீசுல என்னமோ எழுதிக்கிட்டு இருந்த. பெரிய கணக்குன்னு நெனச்சேன்."

எங்கள் வீட்டில் ராகு காலம் பார்த்தால் அப்பா நேராகச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிவிட்டு வரப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பிவிடுவார். அந்தச் சொல் காதில் விழுந்திருக்கிறது, எந்தக் கிழமை எந்த மணி என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அப்படிச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. போர்டுக்கு மேலேயே தினசரி காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு தாளிலும் அடியில் ராகு காலம் அச்சடித்திருந்தது. தினமும் காலையில் அந்தத் தாளைக் கிழித்தவள் நான்தான். கிழித்த தாள்களின் பின்பக்கத்தில்தான் கோடு போட்டு எண்ணினேன். சூப்பர்வைசர் பேனாவை மூடி வைத்ததும் அப்போதுதான் விளங்கியது. நெரிசல் இல்லை என்று சொல்லும் அறிக்கையில், நெரிசலுக்குக் காரணமான அதே மணியைப் பார்த்துக் காத்திருந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார் மனிதர்.

சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. என் சனிக்கிழமை மேடும் இப்படித்தான் வந்தது. ஊரின் 'பிஸி அவர்' கிழமைக்கு ஓர் இடமாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் ஒரே இடத்தில் வலையை வைத்துவிட்டு மீன் இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னொன்றும் தோன்றியது, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. நான் கயிறு செருகினால்தான் கோடு. சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கை ஓய்ந்து விட்டுவிட்டவர்களுக்குக் கோடே இல்லை. அந்தத் தாய் பன்னிரண்டு இருபதுக்கு நம்பிக்கை இழந்து விட்டிருந்தால், என் கணக்கில் அன்றைக்கு எந்தக் குறையும் நடந்திருக்காது.

தப்பை ஒப்புக்கொண்டு மறுகணக்கு எடுக்க வேண்டும். சூப்பர்வைசர் அறை வாசலில் மூன்று தடவை போய் மூன்று தடவை திரும்பினேன். நாற்காலி போகப்போகிறது என்றதும் புதுக்கதை கட்டுகிறாள் என்றுதானே சொல்வார்கள். நாலாவது தடவை அக்கா பின்னாலிருந்து முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டார். சொன்னேன். அந்தக் குழந்தையையும் சொன்னேன். அவர் மேஜையிலிருந்த காகிதங்களை நேராக அடுக்கினார்.

"ராகு காலம்னு சர்க்கார் அறிக்கையில எழுத முடியாதும்மா. சிரிப்பாங்க."

"நீங்க பன்னெண்டுக்கு மேலதான சார் கையெழுத்துப் போட்டீங்க."

என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. அவர் முகம் சிவந்தது. பிறகு இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். 'லோக்கல் பழக்கவழக்கம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்றை அவரே எழுதிக் கொடுத்தார்.

இந்தத் தடவை எந்தெந்தத் தகடு விழுகிறது என்று அக்கா தனித்தனியாகக் குறித்தார், கயிறு செருகுவதை நான் எண்ணினேன். கால் மணிக்கு ஒரு கட்டம், காலையிலிருந்து சாயங்காலம் வரை. சராசரி போடவில்லை. ஒவ்வொரு கிழமையையும் தனித்தனியாகக் கோடிழுத்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமைக் கோடு பன்னிரண்டு மணியில் இன்ஜினீயரின் சுவர் மாதிரியே நிமிர்ந்து நின்றது. ஒன்றரை மாதம் கழித்து பதில் வந்தது. இரண்டாவது நாற்காலி இருக்கும். முதல் அறிக்கையில் காட்டிய கவனக்குறைவுக்காக எனக்கு ஒரு கண்டன மெமோ, டெம்பரரி காலம் இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு. அப்பா மெமோவை இரண்டு தடவை படித்துவிட்டு வேதாகமத்துக்குள் வைத்தார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் மறுகணக்கின் வெள்ளிக்கிழமைத் தாளைத் திரும்பப் பார்த்தபோது வலது ஓரத்துக் கடைசித் தகட்டுக்கு நேரே ஒரு கோடுகூட இல்லாததைக் கவனித்தேன். அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாபாரி வெளியிலிருந்து பேசுவார், அந்தக் கடைக்குக் கால் வரும். அங்கிருந்து வெள்ளிக்கிழமை பகலில் அந்தத் தகடு விழவே இல்லை. லைன் பழுதோ என்று நினைக்க ஆசையாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, நெரிசலெல்லாம் ஓய்ந்த பிறகு, அக்கா பக்கத்தில் இருக்கும் தைரியத்தில் நானே அந்த ஓட்டையில் கயிற்றைச் செருகி மணி அடித்தேன். நெடுநேரம் அடித்தது. பிறகு அதே குரல்.

"யாரு?"

"எக்ஸ்சேஞ்சுலருந்துமா. உங்க லைன் சரியா இருக்கான்னு பாக்குறேன்."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ மழலையில் கேட்டது. அவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, கோபமே இல்லாமல் என்னிடம் கேட்டார்.

"லைனு இருக்கும்மா. நீங்க இருக்கீகளா?"